கடைசிக்குப் பூஜ்யம்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஸ்நேகா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள். இனிமேல் சொசைட்டி ஓட்டெடுப்பு எல்லாம் மொபைல் ஆப்பில்தானாம். புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி வைக்கிறார்களாம். "மேடம், ஆப்கா எக்ஸ்பீரியன்ஸ் தோ பேஜ் மே லிக்கே தோ நா" என்று கொஞ்சினாள். முப்பத்து மூன்று வருஷ அனுபவம் அவளுக்கு இரண்டு பக்கத்தில் வேண்டுமாம்.

ஹிந்தியில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் நல்ல பிள்ளையாக விதிகளை மட்டும் எழுதினேன். மிச்சத்தை இங்கே தமிழில் எழுதுகிறேன். ஸ்நேகாவுக்குத் தமிழ் தெரியாது, என் மேலதிகாரிகளில் உயிரோடு இருப்பவர்களுக்கும் தெரியாது. அந்தத் தைரியம்தான்.

மும்பையில் நாலு வீடு சேர்ந்தால் ஒரு சொசைட்டி. சொசைட்டி என்றால் ஒரு கமிட்டி. கமிட்டி என்றால் சண்டை. அந்தச் சண்டை கைகலப்பு ஆவதற்குள் ஓட்டுப் பெட்டியோடு போய் இறங்குவதுதான் என் உத்தியோகம். பிறந்து வளர்ந்தது தாராவி. சயானில் பி.காம். முடித்து, பரீட்சை எழுதி, இருபத்தைந்து வயதில் கூட்டுறவுத் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். நாலு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் டீ எத்தனை மணிக்கு வரும் என்பதைத் தெளிவாகக் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் தாமோதரன் சாரிடம் கற்றது.

தாமோதரன் சார் மாட்டுங்காக்காரர். பாலக்காட்டுக் குடும்பம். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, இரண்டிலும் பச்சை மை. எங்கே தேர்தல் என்றாலும் தகரப் பெட்டியைத் தன் மடியில்தான் வைத்துக்கொள்வார். லோக்கல் ரயிலில் எத்தனை கூட்டமானாலும் கீழே வைக்க மாட்டார். ஒரு முறை குர்லாவில் ஒரு அம்மாள் அதைப் பால் கேன் என்று நினைத்து லிட்டர் என்ன விலை என்று கேட்டாள். சார் கொஞ்சமும் சிரிக்காமல், "இன்னும் கறக்கலை" என்றார்.

ஓட்டெடுப்பு தொடங்குமுன் அவர் பெட்டியைத் திறந்து தலைகீழாகக் கவிழ்ப்பார். அடியில் மூன்று தட்டுத் தட்டுவார். பிறகு டார்ச் அடித்து உள்ளே காட்டுவார். முன் வரிசை, பின் வரிசை, வாசலில் நிற்கிறவர், ஒருவர் விடாமல் எட்டிப் பார்த்தாக வேண்டும். பார்க்காதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "பொட்டி காலின்னு நான் சொல்லப்படாது. அவாளா பார்க்கணும்" என்பார். இரண்டாவது விதி அதைவிட முக்கியம். ஓட்டுப் போடும் முறையைப் பச்சை மையில் ஒரு தாளில் எழுதி, சண்டை போடும் இரு கட்சித் தலைவர்களிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுவார். "தோத்தப்புறம்தான் எல்லாருக்கும் சட்டம் ஞாபகம் வரும், முத்துலட்சுமி. அதுக்கு முன்னாடி வாங்கிடணும்."

அவரோடு போன தேர்தல்களில் தாராவித் தேர்தல் ஒன்று மறக்க முடியாதது. தோல்பை பட்டறை முதலாளிகளின் சங்கம். எல்லாம் எங்கள் தெற்கத்தி ராவுத்தர், மரைக்காயர் வீட்டு ஆட்கள். கமிட்டியில் பதினோரு பேர். அவர்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினோரு பேரும் வரிசையாக எழுந்து, "எனக்குப் பதவி ஆசை கிடையாது, நம்ம ஜனங்க யாரச் சொல்றாங்களோ அவரு இருக்கட்டும்" என்றார்கள். கேட்கக் கேட்க எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இப்படியும் மனிதர்கள் உண்டா என்று நினைத்தேன்.

சீட்டுகளைப் பிரித்தார் சார். பதினோரு சீட்டில் பதினோரு பெயர். ஒவ்வொருவருக்கும் சரியாக ஒரு ஓட்டு. சார் ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் ஒவ்வொரு பெயரையும் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் "ஒன்று" என்றார். ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு ஓட்டு யார் போட்டது என்று தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும்.

"இன்னொரு தரம் போடலாம்" என்றார் சார். "இந்தத் தடவை தன் பேரைத் தானே எழுதப்படாது."

மறுபடி போட்டார்கள். பத்து ஓட்டு காதர் மைதீன் பாய்க்கு விழுந்தது. கூட்டம் தொடங்கியதிலிருந்து மூலையில் தூங்கிக்கொண்டிருந்தவர். ஒவ்வொருவரும் தன் எதிராளிக்குப் போகக் கூடாதே என்று, யாருக்கும் ஆபத்தில்லாத ஆள் இவர்தான் என முடிவுகட்டி எழுதியிருக்கிறார்கள். பதினோராவது சீட்டு பாயினுடையது. அதில் "யாராவது" என்று எழுதியிருந்தது. தலைவரான பிறகு அவர் தூங்கவே இல்லை என்பதும், ஒன்பது வருஷம் யாராலும் அவரை அசைக்க முடியவில்லை என்பதும் தனிக் கதை.

சயான் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது சார் சொன்னார்: "யார் வேணும்னு இங்க ஒருத்தரும் ஓட்டுப் போடறதில்லை. யார் வேண்டாம்னுதான் போடறா." அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது.

சார் ஓய்வு பெற்று, நானும் படிப்படியாக அதிகாரி ஆகி, ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தபோதுதான் செம்பூர் விவகாரம் வந்தது. நாற்பது வீடு கொண்ட பழைய கட்டடம். பாதிக்கு மேல் தமிழர்கள். பொதுக்கூட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்ததால், அடுத்த ஓட்டெடுப்பைப் பார்வையிட ஓர் அதிகாரி வேண்டும் என்று எங்களுக்கு எழுதியிருந்தார்கள். நாற்காலி யார் மேலும் படவில்லை, ஆனால் நாற்காலியின் கால் போய்விட்டது என்று கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார்கள்.

பிரச்சினை, மாடிப்படிக்குக் கீழே இருந்த இடம். எட்டடிக்கு ஒன்பதடி. மூன்றாம் மாடி வெங்கடேஸ்வரன் அதில் டேபிள் டென்னிஸ் மேசை போட வேண்டும் என்றார். ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர். கிளைகளுக்கிடையே நடந்த போட்டியில் ஒரு காலத்தில் கோப்பை வாங்கியவர், அந்தக் கோப்பையையே கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அந்த இடத்தில் மேசையைப் போட்டால் ஆடுகிறவர் நிற்க இடம் இருக்காது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆறாம் மாடி கல்பனா அங்கே பார்சல் அறை வேண்டும் என்றார். அந்த அம்மாளுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பார்சல் வரும். நாற்பது வீடும் இந்த இருவர் பின்னால் இரண்டாகப் பிரிந்து, லிஃப்டில்கூட எதிர்க் கட்சியோடு சேர்ந்து ஏறுவதில்லை.

அந்த இடம் காலியாக இல்லை என்பதுதான் விஷயம். அங்கே இசக்கிமுத்து இருபத்திரண்டு வருஷமாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அம்பாசமுத்திரம் பக்கம், என் பெற்றோர் ஊருக்கு அருகில்தான். ஒரு மேசை, ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு பிளக். அந்தக் கட்டடத்தில் சட்டை போடும் அத்தனை பேருக்கும் மடிப்பு அவர் கொடுத்ததுதான்.

நான் முன்னேற்பாடு பார்க்கப் போன அன்று அவரே கூப்பிட்டார்.

"யக்கா, நம்ம ஊர்ப் பேச்சுல்லா பேசுதிய. இந்த எடத்த என்ன செய்யப் போறாவ?"

"ஓட்டுப் போட்டு முடிவு செய்வாவ, தம்பி."

"எனக்கு ஓட்டு உண்டுமா?"

"வீட்டுக்காரங்களுக்கு மட்டுந்தான்."

அவர் பெட்டியைத் தூக்கி ஒரு பேன்ட்டின் மேல் வைத்து அழுத்தினார். "சுனாபட்டியில ஒத்த ரூம்புல கெடக்கோம். மக நர்ஸுக்கு ரெண்டாம் வருஷம் படிக்கா. இந்த எடம் போச்சுன்னா வேற எடம் கெடைக்காதுக்கா. புதுக் கட்டடத்துல எல்லாம் மாடிப்படிக்குக் கீழ எடமே விடமாட்டுக்கான்."

பார்வையாளர் கட்சி சேரக் கூடாது. மனசுக்குள் சேரக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, முகத்தில்தான் தெரியக் கூடாது. "பாப்போம் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அரசாங்க உத்தியோகத்தில் அதைவிட உதவாத வார்த்தை கிடையாது.

ஓட்டெடுப்புக்கு ஆப் தயார் செய்தவள் ஐந்தாம் மாடி ஷாலினி. பெரிய கம்பெனி ஒன்றில் அல்காரிதம் எழுதுகிற வேலை. இரண்டு குழந்தைகள், மாமியார், இதற்கிடையில் இதையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அல்காரிதம் என்றால் என்னம்மா என்று கேட்டேன். "யார் ஜெயிச்சாங்கன்னு கண்டுபிடிக்கிற வழி ஆன்ட்டி. முன்னாடியே முடிவு பண்ணிடறோம்" என்றாள். நாற்காலி பறப்பதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளும் சண்டை என்று நான் புரிந்துகொண்டேன். அது சரிதான் என்று பிறகு தெரிந்தது.

அவளுடைய முறை எளிமையானது. ஒரு வீட்டுக்கு ஓர் ஓட்டு. ஒவ்வொருவரும் எல்லா யோசனைகளையும் பிடித்த வரிசையில் அடுக்க வேண்டும். முதலில் வைத்ததற்கு மூன்று பாயிண்ட், இரண்டாவதற்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று. கூட்டினால் எது அதிகமோ அது. "இப்படிப் பண்ணா எல்லாருடைய மனசும் முழுசா தெரியும் ஆன்ட்டி" என்றாள். வரிசையில் அடுக்க வேண்டுமென்றால் இரண்டு யோசனை போதாது, குறைந்தது மூன்று வேண்டும். அதனால் மூன்றாவதாக, பேருக்கு, 'உள்ளது உள்ளபடி' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதாவது இசக்கிமுத்து. யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

கூட்டத்தன்று நான் பச்சைப் பேனாவை எடுத்து விதிகளை எழுதினேன். கையெழுத்துக்கு நீட்டியதும் வெங்கடேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"கடைசியா வர்றதுக்கு எதுக்கு ஒரு பாயிண்ட்?" என்றார். "நான் பார்சல் ரூமைக் கடைசியில போடுவேன். அப்பவும் என் ஓட்டுலேர்ந்து அந்தம்மாவுக்கு ஒண்ணு போகுமா? அரை பாயிண்ட்கூட என் கையால போகக் கூடாது."

"நாங்க மட்டும் உங்களுக்கு தானம் பண்ணவா வந்திருக்கோம்?" என்றார் கல்பனா. "கடைசிக்கு ஜீரோ போடுங்க மேடம்."

ஷாலினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாற்பது வீடும் "ஜீரோ, ஜீரோ" என்று கத்தியது. அந்தக் கட்டடம் ஒருமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அதுதான் என்று செயலாளர் பிறகு பெருமையாகச் சொன்னார். ஒன்று என்பதை அடித்து, பூஜ்யம் என்று எழுதி, பக்கத்தில் இருவரிடமும் தனிக் கையெழுத்தும் வாங்கினேன். மூன்று யோசனைகளும் செல்லும் என்ற வரிக்குக் கீழேயும் வாங்கினேன்.

அடுத்து பெட்டி காலி என்று காட்ட வேண்டும். பெட்டியே இல்லை. கல்பனா வீட்டு டிவியைக் கீழே இறக்கி, ஷாலினியின் போனை அதில் இணைத்திருந்தார்கள். திரையில் மூன்று பூஜ்யம் தெரிந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. போனை வாங்கித் தலைகீழாகப் பிடித்து முதுகில் மூன்று தட்டுத் தட்டினேன். கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும். பின் வரிசையில் ஒருவர், "டார்ச் அடிக்கலையா மேடம்?" என்றார். போனிலேயே டார்ச் இருந்ததால் அடிக்க முடியவில்லை.

எல்லோரும் குனிந்து போனை நோண்டினார்கள். அன்று முக்கியமான கூட்டம் என்பதால் அத்தனை பேரும் இஸ்திரி போட்ட உடையில் வந்திருந்தார்கள். வெங்கடேஸ்வரனின் சட்டை மடிப்பில் காய் நறுக்கலாம். எல்லாம் அன்று காலை இசக்கிமுத்து தேய்த்துக் கொடுத்தது. அவர் மாடிப்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, யாருடைய தாவணியையோ திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷத்தில் முடிந்தது. திரையில் எண்கள் வந்தன. டேபிள் டென்னிஸ் அறுபத்து மூன்று. பார்சல் அறை ஐம்பத்தேழு. உள்ளது உள்ளபடி எண்பது.

யாருக்கும் புரியவில்லை. கல்பனா டிவியின் பக்கவாட்டில் தட்டினார்.

ஷாலினி விளக்கினாள். இருபத்தொரு வீடு டேபிள் டென்னிஸை முதலில் வைத்து, பார்சல் அறையைக் கடைசியில் தள்ளியிருந்தது. பத்தொன்பது வீடு நேர்மாறாக. எதிராளியைக் கடைசியில் தள்ளிவிட்டால் நடுவில் மிஞ்சுவது ஒன்றுதான். ஆகவே நாற்பது வீடும் இசக்கிமுத்துவை இரண்டாவதாக வைத்திருந்தது. நாற்பது இரண்டு எண்பது.

"கடைசிக்கு ஒரு பாயிண்ட்னு வெச்சிருந்தா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஷாலினி ஒரு நொடி கணக்குப் போட்டாள். "டேபிள் டென்னிஸ் எண்பத்திரண்டு. உள்ளபடி அதே எண்பது. பார்சல் எழுபத்தெட்டு."

வெங்கடேஸ்வரன் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப நான்தான் ஜெயிச்சிருப்பேனா?"

"ஆமா அங்கிள். அந்த ஒரு பாயிண்ட்ட குடுத்திருந்தா."

மனிதர் கோப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கல்பனா எழுந்து அவர் பக்கத்து நாற்காலிக்குப் போனார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். பிறகு இருவருமே என்னிடம் வந்தார்கள். மூன்றாவது யோசனை ஆப் ஓடுவதற்காகச் சும்மா வைத்ததாம், அது செல்லாதாம். நான் பச்சை மைத் தாளை நீட்டினேன். இருவரும் அவரவர் கையெழுத்தை வேறு யாரோ போட்டது போலப் பார்த்தார்கள்.

"இன்னிக்கு நீங்க சர்ட்டிஃபிகேட் குடுங்க மேடம்" என்றார் கல்பனா. "அடுத்த மாசமே மறுபடி கூட்டம் போடுவோம். ரெண்டே ரெண்டு ஆப்ஷன். கை தூக்கச் சொல்லுவோம்."

அதைத் தடுக்க என்னிடம் விதி இல்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். இசக்கிமுத்துவுக்கு ஒரு மாத ஆயுள் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று நினைக்கும்போது என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. முறைப்படி நடத்திவிட்டேன், அவ்வளவுதான்.

வாசலுக்குப் போகும் வழியில் இசக்கிமுத்து இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்தார்.

"யக்கா, நான் இருக்கலாமா?"

"இருக்கலாம் தம்பி. ஒங்க பக்கந்தான் ஜெயிச்சிருக்கு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "எத்தன வீட்டுல எனக்குப் போட்டாவ?" என்றார்.

"நாப்பது வீட்டுலயும். ஒவ்வொரு வீடும் ரெண்டு ரெண்டு பாயிண்ட்."

இது சத்தியமான உண்மை. அதோடு நான் கிளம்பியிருக்க வேண்டும். அவர் கேட்டார்:

"முழு மார்க்கு எத்தனக்கா?"

முப்பத்து மூன்று வருஷம் முடிவுகளை அறிவித்திருக்கிறேன். ஓர் எண்ணைக்கூட மாற்றியதில்லை. சண்டைக்காரர்கள் மிரட்டியபோதும், ஒரு தடவை ஒரு பில்டர் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தபோதும் மாற்றியதில்லை.

"ரெண்டு" என்றேன்.

அடுத்த நாள் காலையில் இசக்கிமுத்து துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் மாடியில் தொடங்கியிருக்கிறார். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, தேய்த்த துணியைக் கொடுத்து, முழு மார்க் போட்டதற்கு நன்றி சொல்லியிருக்கிறார். நாற்பது வீடும். ஷாலினிதான் போனில் சொன்னாள். கல்பனா அவருக்கு ஒரு பார்சலைப் பிரிக்காமலேயே கொடுத்துவிட்டாராம். உள்ளே சுவர் ஃபேன் இருந்ததாம். "யாரும் நிஜத்த சொல்லலை ஆன்ட்டி. அல்காரிதத்துல இப்படி ஒண்ணு கிடையாது" என்றாள்.

ஒரு வாரம் கழித்து வெங்கடேஸ்வரன் அலுவலகத்துக்கே போன் செய்தார். புகார்தான் என்று நினைத்துப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"மேடம், முழு மார்க் ரெண்டுன்னு அவன்கிட்ட சொன்னது நீங்களா?"

"ஆமா சார். தப்புதான். எழுதிக் கொடுத்தீங்கன்னா மேலே அனுப்பறேன்."

"என் கையப் பிடிச்சுக்கிட்டு அழறான் மேடம். அசடு மாதிரி நின்னேன். அடுத்த மாசக் கூட்டத்த நாங்க கேன்சல் பண்ணிட்டோம், அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அவர்கிட்ட என்ன சார் சொன்னீங்க?"

"மூணுன்னு ஒண்ணு இருந்திருந்தா அதையே போட்டிருப்பேன்னு சொல்லிட்டேன்" என்றார்.